மடை திறக்காத ஆற்றல்

(கூடங்குளத்தில் மாணவர்களும் ஊர்ப் பெரியவர்களும் கூடியிருந்த அறிவியல் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



ஐம்புலன்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். வேறு ஊராக இருந்தால் கண், காது, மூக்கு என்று வரிசையாகச் சொல்லி முடித்திருப்பேன். இங்கே அப்படி முடியாது. ஐந்து புலனுக்கும் எட்டாத ஒன்றைப் பற்றி இந்த ஊர் ஒரு தலைமுறைக்கு மேலாகப் பேசிக்கொண்டிருக்கிறது. 1988 நவம்பரில் ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் இங்கே அணுமின் நிலையம் கட்ட ஒப்பந்தம் போட்டபோது தொடங்கிய பேச்சு. 2011 மார்ச்சில் ஃபுகுஷிமா அணு உலை விபத்து நடந்த பிறகு இடிந்தகரை லூர்து மாதா கோயில் முன்னால் பந்தல் போட்டு உட்கார்ந்த பேச்சு. 2013 ஜூலையில் முதல் உலை இயங்கத் தொடங்கிய பிறகும் ஓயாத பேச்சு. உலை வேண்டுமா வேண்டாமா என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. கதிர்வீச்சு ஏன் நமக்குத் தெரிவதில்லை என்ற ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அதற்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால், மற்றவை எப்படித் தெரிகின்றன என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

உணர் உறுப்புகள் வெளியிலிருந்து வரும் ஆற்றலை மின்குறிப்பாக மாற்றுகின்றன என்று பாடப் புத்தகத்தில் போட்டிருக்கும். ஆற்றலை மாற்றுவது எப்படி என்று உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வாசலிலேயே நடக்கிறது. ஓர் உலையில் யுரேனியம் பிளந்து வரும் வெப்பம் சுமார் 3000 மெகாவாட். நீராவியாகி, சுழலியைச் சுற்றி, மின்சாரமாக வெளியே வருவது 1000. மீதி கடலோடு போகிறது. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்று முப்பந்தல் காத்தாடிகளைச் சுற்றும்போதும் இதே கணக்குத்தான். போனதைவிடக் குறைவாகத்தான் வரும். கூடுதலாக வரவே வராது.

கண்ணையும் காதையும் இந்தக் கணக்கில் போட்டுப் பாருங்கள், உதைக்கும். இருட்டுக்குப் பழகிய கண்ணுக்குள் ஒளியின் ஒரே ஒரு துகள், ஒரு ஃபோட்டான், போய் விழுகிறது. அது விழுந்த செல்லில் உண்டாகும் மின்மாற்றத்தின் ஆற்றல் அந்தத் துகளின் ஆற்றலைப் போலப் பல்லாயிரம் மடங்கு. இந்த உபரி எங்கிருந்து வந்தது?

தாமிரபரணியில் கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன் என்று தொடங்கித் திருவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள் இருக்கின்றன. கன்னடியன் கால்வாயில் ஒருவர் மடைப் பலகையைத் தூக்குகிறார். வயலுக்குள் பாய்வது அவருடைய கைப்பலமா? பாய்வது பொதிகையில் பெய்த மழை. உயரத்தில் தேங்கி நின்று, எப்போது விடுவார்கள் என்று காத்திருந்த தண்ணீர். அவர் பலகையைத் தூக்கினார், அவ்வளவுதான். உணர்வு என்பதும் இப்படி மடை திறக்கிற வேலைதான். ஒவ்வொரு உணர்வுச் செல்லும் தன் சவ்வுக்கு உள்ளே பொட்டாசியத்தையும் வெளியே சோடியத்தையும் பிரித்து வைத்து, சுமார் 70 மில்லிவோல்ட் அழுத்தத்தைத் தேக்கி வைத்திருக்கிறது. அதைத் தேக்குகிற செலவு நீங்கள் மத்தியானம் சாப்பிட்ட சோற்றிலிருந்து வருகிறது. வெளியிலிருந்து வரும் ஒளியோ ஒலியோ சூடோ, சவ்விலிருக்கிற ஒரு புரதக் கதவை அசைத்தால் போதும். பாய்கிற மின்னோட்டம் நம்முடையது.

காதில் இது அப்பட்டமாகத் தெரியும். இடிந்தகரைப் பிள்ளைகள் கடலில் முங்கியிருக்கும்போது கரையில் அம்மா கூப்பிடுவது காதில் விழாது. விழுந்தும் விழாததுபோல் இருப்பது வேறு கதை. காற்றில் வரும் ஒலியில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் தண்ணீருக்குள் நுழையும், மீதி திரும்பிப் போய்விடும். நம் உட்செவி முழுக்கத் திரவம். ஆகவே காற்றின் அதிர்வை அதற்குள் திணிக்க ஓர் ஏற்பாடு வேண்டியிருக்கிறது. அகலமான செவிப்பறையில் விழுந்த அழுத்தத்தை மூன்று சிற்றெலும்புகள் வாங்கிக் குறுகிய வாசலில் கொண்டுபோய்க் குத்துகின்றன. அழுத்தம் ஏறத்தாழ 20 மடங்காகிறது. உள்ளே காக்ளியா என்னும் சுருள் குழாயில் உட்புற மயிர்ச் செல்கள் ஒரு காதுக்கு 3500 அளவில்தான் இருக்கின்றன. கண்ணின் ஒளிச் செல்களோ கோடிக்கணக்கில்! இந்தச் சில ஆயிரம் செல்களை வைத்துக்கொண்டுதான் வில்லுப்பாட்டையும் கேட்கிறோம், விண்வெளிச் செய்தியையும் கேட்கிறோம்.

மயிர்ச் செல்லின் உச்சியில் நுண்ணிழைகள் படிக்கட்டு வரிசையில் நிற்கும். ஒன்றின் நுனியை அடுத்ததன் பக்கத்தோடு மெல்லிய புரத நூல் இணைத்திருக்கும். இழைகள் சாய்ந்தால் நூல் இழுபடும், நூல் இழுத்தால் கதவு திறக்கும். வழக்கத்துக்கு மாறாக, இங்கே இழைகளுக்கு வெளியே பொட்டாசியம் செறிந்த திரவம் 80 மில்லிவோல்ட் அழுத்தத்தில் தயாராக நிற்கிறது. குபுகுபுவென்று உள்ளே பாய்கிறது. இடையில் வேதிவினை எதுவும் கிடையாது. அதனால்தான் காது இவ்வளவு வேகம். நம்மால் கேட்க முடிகிற மிக மெல்லிய ஒலிக்கு அந்த இழைகள் அசையும் தூரம் ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட இருக்காது. கொடை விழாவில் ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்திலேயே விடிய விடிய உட்கார்ந்திருக்கும் தம்பிமாருக்கு ஒரு தகவல்: மனிதரிடம் இந்தச் செல்கள் செத்தால் மறுபடி முளைப்பதில்லை.

கண்ணில் விஷயம் தலைகீழ். விழித்திரையின் குச்சி செல்லில் இருட்டில்தான் மடை திறந்திருக்கிறது, மின்னோட்டம் ஓடிக்கொண்டிருக்கிறது. வெளிச்சம் வந்தால் மூடுகிறது. கண்ணை மூடி அயர்ந்து தூங்கும்போதும் இந்தச் செல்கள் செலவு செய்துகொண்டே இருக்கின்றன. ஒரு குச்சி செல்லுக்குள் சுமார் 10 கோடி ரோடாப்சின் என்னும் ஒளியுணர் புரத மூலக்கூறுகள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றின் நடுவிலும் வைட்டமின் ஏ-யிலிருந்து செய்த வளைந்த சிறு மூலக்கூறு. முருங்கைக் கீரை சாப்பிடச் சொல்வதும், சாப்பிடாமல் விட்டால் மாலைக்கண் வருவதும் இதனால்தான். ஃபோட்டான் விழுந்ததும் அந்த வளைவு நிமிர்கிறது. ஒளி செய்கிற வேலை இந்த ஒரு நிமிர்த்தல் மட்டுமே. அதைக் கண்டு சொன்ன ஜார்ஜ் வால்டுக்கு 1967-ல் நோபல் பரிசு கிடைத்தது. நிமிர்ந்த மூலக்கூறு பக்கத்துப் புரதங்கள் பலவற்றை உசுப்ப, அவை நொதிகளை உசுப்ப, நொதிகள் கதவைத் திறந்து பிடித்திருந்த வேதிப்பொருளைச் சிதைக்க, கதவுகள் நூற்றுக்கணக்கில் மூடிக்கொள்கின்றன. ஒரு ஃபோட்டானால் குச்சி செல்லின் மின்னோட்டம் குறைவதைப் பேய்லர், லாம்ப், யாவ் மூவரும் 1979-ல் தேரையின் கண்ணில் நேராக அளந்து காட்டினார்கள்.

நாக்குக்கும் தோலுக்கும் வருவோம், சுருக்கமாக. மிளகாய் காரம் என்பது சுவையே இல்லை, சூடு. ஏறத்தாழ 43 டிகிரிக்கு மேல் சூடுபட்டால் திறக்க வேண்டிய ஒரு கதவு நரம்பு நுனிகளில் இருக்கிறது. மிளகாயிலுள்ள காப்சைசின் சூடே இல்லாமல் அதே கதவைத் திறந்துவிடுகிறது. டேவிட் ஜூலியஸ் குழு 1997-ல் இதைக் கண்டுபிடித்தது. தொடுகையின் கதவைக் கண்டுபிடித்த ஆர்டெம் படபூட்டியனும் அவரும் 2021-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

மிளகாய் நமக்கு ஒரு பெரிய உண்மையைக் காட்டிக்கொடுக்கிறது. கதவைத் திறந்தது யார் என்று மூளைக்குத் தெரியாது. எந்தக் கதவு திறந்தது என்று மட்டுமே தெரியும். மூடிய கண்ணின் ஓரத்தை விரலால் இலேசாக அழுத்தினால் வெளிச்ச வளையம் தெரிகிறதே, அங்கே வெளிச்சம் ஏது? பார்வை நரம்பு கிளம்பினால் அது வெளிச்சம்தான். ஜெர்மன் உடலியலாளர் யோஹன்னஸ் முல்லர் 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே இதை ஒரு விதியாக எழுதி வைத்தார். இந்த முல்லரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சற்று நேரத்தில் இன்னொரு முல்லர் வருவார், இவருக்கு உறவில்லை.

உயிரினத்துக்கு உயிரினம் மடைகள் வேறுபடும். களக்காடு–முண்டந்துறைக் காட்டில் இருக்கும் குழிவிரியனுக்குக் கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவே ஒரு குழி உண்டு. எலியின் உடம்புச் சூட்டை இருட்டிலும் அது குழியாலேயே அறியும். நமக்கு அந்த மடை இல்லை. எலி பிடிக்கிற தேவையும் இல்லை.

சரி, கதிர்வீச்சு. காமாக் கதிரும் ஒளியும் ஒரே குடும்பம். சீசியம்-137 வெளியிடும் ஒரு காமா ஃபோட்டான், பச்சை வெளிச்சத்தின் ஒரு ஃபோட்டானைவிட இரண்டரை லட்சம் மடங்குக்கு மேல் ஆற்றல் உள்ளது. இவ்வளவு பெரியது ஏன் தெரியவில்லை? ஒளி ரோடாப்சினின் வளைவைத் தொட்டு நிமிர்த்தும் அளவுக்குச் சரியாகப் பொருந்துகிறது. காமாவோ பெரும்பாலும் எதையும் தொடாமல் கண்ணைக் கடந்து போய்விடும். தொட்டாலோ, எதிர்ப்பட்ட அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் போகும். அது திறப்பதற்கென்று ஒரு கதவு உடம்பில் எங்கும் இல்லை. அது உடைக்கிறது. டி.என்.ஏ. இழையும் உடைபடுபவற்றில் ஒன்று.

உடைக்கிற ஆற்றலின் மொத்த அளவைக் கேட்டால் நம்ப மாட்டீர்கள். உடல் முழுவதும் கிலோவுக்கு 4 முதல் 5 ஜூல் கதிர்வீச்சு ஒரே நேரத்தில் விழுந்தால், சிகிச்சை இல்லாத நிலையில் ஏறத்தாழப் பாதிப் பேர் சில வாரங்களில் இறந்துவிடுவார்கள். அந்த ஆற்றல் முழுவதும் வெப்பமானால் உடம்புச் சூடு ஆயிரத்தில் ஒரு டிகிரி ஏறும். ஒரு மடக்குச் சூடான டீ இதைவிட அதிக வெப்பத்தைக் கொண்டுவரும். கொல்லுகிற அளவே தோலுக்குத் தெரியாது என்றால் குறைந்த அளவு எப்படித் தெரியும்?

1901-ல் பெக்கெரல் ரேடியம் இருந்த கண்ணாடிக் குழாயைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். போகும்போது ஒன்றும் தெரியவில்லை. நாள்கள் கழித்து அந்த இடத்தில் தோல் வெந்தது. கதிரியக்கத்தைக் கண்டுபிடித்தவருக்கே இந்தக் கதி. 2010 ஏப்ரலில் டெல்லி மாயாபுரியின் பழைய இரும்புச் சந்தையில் இது மறுபடி நடந்தது. பல்கலைக்கழக ஆய்வகமொன்றிலிருந்து ஏலத்தில் வந்த கருவியை உடைத்தார்கள். உள்ளே கோபால்ட்-60. ஒரு வியாபாரி அதில் சிறு துண்டைப் பர்ஸில் போட்டுக்கொண்டார். பலர் பாதிக்கப்பட்டார்கள், ஒருவர் இறந்துபோனார். சுத்தியலைப் பிடித்திருந்த கைக்கு அது சூடாகவும் இல்லை, குளிராகவும் இல்லை, வெறும் உலோகம்.

விதிவிலக்கே கிடையாதா என்றால், உண்டு. நிலவுக்குப் போன அப்பல்லோ பயணிகள் கண்ணை மூடிய இருட்டில் பளிச் பளிச்சென்று வெளிச்சம் கண்டார்கள். அண்டக் கதிர்த் துகள்கள் விழித்திரை வழியாக ஓடிய தடம் அது. 1946 மே மாதம் லாஸ் அலமோஸில் லூயி ஸ்லாட்டின் என்ற இயற்பியலாளர் செய்துகொண்டிருந்த சோதனை கைமீறியபோது அறையில் நீல ஒளி வீசியது. அவருக்கு வாயில் புளிப்புத் தட்டியது, கை எரிந்தது. ஒன்பதாம் நாள் இறந்தார். கதிர்வீச்சு நாக்கில் தெரிய வேண்டுமென்றால் இந்த அளவு வேண்டும். தெரிந்து என்ன பயன்?

இயற்கை நமக்கு ஏன் இந்த மடையை வைக்கவில்லை? கதிர்வீச்சு எப்போதும் எங்கும் கொஞ்சம் இருந்துகொண்டேதான் இருந்தது. அது கூடிய இடத்தைவிட்டு ஓடிப் பிழைக்க வேண்டிய தேவை உயிர்களுக்குப் பெரிதாக வரவில்லை. எச்சரிக்கை மணிக்குப் பதிலாக, உடைந்த டி.என்.ஏ.-வைச் செப்பனிடும் ஏற்பாடு செல்லுக்குள் வளர்ந்தது. 2015-ன் வேதியியல் நோபல் அதைத் துலக்கியவர்களுக்குத்தான். கதிர்வீச்சு எப்போதும் இருந்தது என்பதற்குச் சான்று பக்கத்திலேயே உண்டு: கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் மோனசைட் மணல் இருக்கிறது, அதில் கதிரியக்கமுள்ள தோரியம். 1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், இங்கிருந்து போன கயிற்று நாரில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்துத்தான் இதை வெளியுலகுக்குச் சொன்னார். அதுவரை எத்தனை தலைமுறை அந்த மணலில் வலை உலர்த்தியிருக்கும்! காலைச் சுட்ட வெயில் தெரிந்தது, கதிர் தெரியவில்லை.

அவ்வளவு தூரம் ஏன் போக வேண்டும்? காதுக்குள் பாய்கிறது என்று சொன்னேனே பொட்டாசியம், அதில் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் கதிரியக்கப் பொட்டாசியம்-40. வளர்ந்த ஒருவர் உடம்பில் ஒவ்வொரு வினாடியும் நாலாயிரத்துக்கு மேற்பட்ட பொட்டாசியம் அணுக்கள் சிதைகின்றன. நான் பேசிக்கொண்டிருக்கும்போதும், எனக்குள்ளும் உங்களுக்குள்ளும். கேட்கத் துணை நிற்கிற பொருளின் வெடிப்பே நமக்குக் கேட்பதில்லை.

ஆகவே மடையை உடம்புக்கு வெளியே கட்ட வேண்டியிருந்தது. முதலில் கண்ணையே கருவியாக்கினார்கள். 1909-ல் மான்செஸ்டரில் ரூதர்ஃபோர்டின் உதவியாளர் கெய்கரும் மாணவர் மார்ஸ்டனும் இருட்டறையில் கண்ணைப் பழக்கிக்கொண்டு, துத்தநாக சல்ஃபைடு திரையில் ஆல்ஃபாத் துகள் விழும்போது மினுங்கும் ஒவ்வொரு பொறியையும் எண்ணினார்கள். அணுக்கரு இருப்பது தெரிய வந்தது இப்படி எண்ணித்தான். 1930-களில் செரன்கோவ் என்ற இயற்பியலாளர் ஒரு மணி நேரத்துக்கு மேல் கும்மிருட்டில் உட்கார்ந்து கண்ணைத் தயார் செய்துகொண்ட பிறகே, கதிர்வீச்சு பட்ட திரவத்தில் எழும் மங்கலான நீல ஒளியை அளந்தார். எரிந்து முடிந்த எரிபொருளைப் போட்டு வைக்கும் குளங்களில் இன்று தெரியும் நீலம் அதுதான்.

கெய்கருக்கு எண்ணி எண்ணிக் கண் அலுத்திருக்கும். அவர் 1928-ல் வால்தர் முல்லரோடு சேர்ந்து செய்த குழாயைப் பாருங்கள். இவர்தான் நான் சொன்ன இன்னொரு முல்லர். உலோகக் குழாய்க்குள் வாயு, நடுவே ஒரு கம்பி, இரண்டுக்கும் இடையே நூற்றுக்கணக்கான வோல்ட் தேங்கி நிற்கிறது. உள்ளே வந்த கதிர் ஒரே ஓர் எலக்ட்ரானைப் பிடுங்கினால் போதும். அது ஓடி மோதி இன்னும் பலவற்றைப் பிடுங்க, சரிந்து பாய்கிறது ஒரு மின்னோட்டம். ஒலிபெருக்கியில் 'டக்' என்கிறது. கதிர் தந்தது தொடக்கம், பாய்ந்தது பேட்டரியின் ஆற்றல். குச்சி செல் செய்கிற அதே வேலையை உலோகத்தில் செய்துவிட்டார்கள். கடைசியில் அந்தச் செய்தி நம்மிடம் வந்து சேர்வதும் ஒரு மயிர்ச் செல் வழியாகத்தான்.

அணுமின் நிலைய ஊழியர்கள் மார்பில் அணியும் அட்டை வேறு வகை. அதற்குள் டிஸ்ப்ரோசியம் சிறிது கலந்த கால்சியம் சல்ஃபேட் வில்லைகள் இருக்கும். பட்ட கதிரை அவை சேர்த்து வைத்துக்கொள்ளும், பிறகு சூடாக்கினால் ஒளியாகத் திருப்பித் தரும். ஒளியின் அளவுதான் அவர் வாங்கிய கதிரின் அளவு. ஊழியருக்கு ஐந்தாண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் (சீவர்ட் என்பது உடம்பு வாங்கும் கதிரின் அலகு), பொதுமக்களுக்கு இயற்கையாக வருவதற்கு மேல் ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட் என்று அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் வரம்பு வைத்திருக்கிறது.

என் கருத்து ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த ஊர் பயந்தபோது அதை அறியாமை என்று பலர் பேசினார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. கடல் பொங்கினால் வள்ளக்காரர் பார்த்துத் தெரிந்துகொள்வார், கச்சான் காற்று மாறினால் தோலிலேயே தெரிந்துகொள்வார். புலனுக்குத் தெரியாத ஒன்றை, வேறொருவர் கையிலுள்ள கருவி சொல்வதை வைத்து நம்பு என்று அவரிடம் சொன்னால் அவர் தயங்குவது அறிவுள்ள தயக்கம்தான். தயக்கத்துக்கு மருந்து ஆறுதல் வார்த்தை இல்லை. கருவி அவர் கைக்கும் வர வேண்டும், எண்ணைப் படிக்கத் தெரிய வேண்டும். அணுமின் நிலையங்களையொட்டிச் சுற்றுச்சூழல் ஆய்வுக்கூடங்கள் இருக்கின்றன. மண், தண்ணீர், மீன், பால் என்று மாதிரி எடுத்து அளக்கிறார்கள். நல்லது. அந்த எண்கள் தமிழில், ஊர்ப் பலகையில், பள்ளிக்கூடச் சுவரில் இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

பள்ளி ஆய்வகத்திலும் ஒரு கெய்கர் கருவி இருக்கட்டும். எண்ணைப் பார்த்ததும் அலகைக் கேளுங்கள்: மில்லியா, மைக்ரோவா? நேரத்தைக் கேளுங்கள்: மணிக்கா, ஆண்டுக்கா? சாதாரண இடத்தில் மணிக்கு 0.1 மைக்ரோசீவர்ட் அளவில் காட்டும். ஆண்டுக்கு 8760 மணி, பெருக்கினால் ஒரு மில்லிசீவர்ட்டுக்குக் கொஞ்சம் குறைவு. மணவாளக்குறிச்சி மோனசைட் மணலில் கொண்டுபோய் வைத்தால் எண் ஏறும். கருங்கல் கட்டடத்துக்குள்ளும் ஓரளவு ஏறும். ஐப்பசியில் மழை பிடிக்கும்போதும் ஏறும். காற்றிலிருக்கும் ரேடானிலிருந்து பிறந்த கதிரியக்க அணுக்களை மழைத்துளி வாரிக்கொண்டு தரைக்கு வரும். மழை விட்ட ஒன்றிரண்டு மணி நேரத்தில் அது தணிந்துவிடும். முதல் மழையன்று எண்ணைப் பார்த்துவிட்டு யாரும் பாய் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு வள்ளியூருக்குப் பஸ் ஏறிவிடக் கூடாது என்பதற்காகவே இதை முன்கூட்டிச் சொல்லி வைக்கிறேன். இனி உங்கள் கேள்விகள். முதலில் பிள்ளைகள் கேட்கட்டும்.